பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள்

வாடகை வீட்டுக்குக் குடிவருகிறவர்கள் முதலில் செய்வது பால் காய்ச்சுவது. விடிகாலையில் நல்ல நேரம் பார்த்து சாமி படம், குடத்தில் தண்ணீர், உப்பு, மஞ்சள், புதுப் பாத்திரம் என்று தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். அந்த நேரத்துக்கு விளக்கு எரிய வேண்டும், குழாயில் தண்ணீர் வர வேண்டும், அடுப்பு பற்ற வேண்டும். இந்த மூன்றையும் முந்தின நாளே பார்த்து வைக்க ஓர் ஆள் தேவை. சென்னையில் மந்தைவெளிக்கும் மடிப்பாக்கத்துக்கும் நடுவில் பல வீடுகளுக்கு அந்த ஆள் நான்தான், 1998-லிருந்து. எலக்ட்ரீஷியன் என்று சிலர் கூப்பிடுவார்கள், பிளம்பர் என்று சிலர். ஓனர்கள் பெரும்பாலும் 'சாவி வெச்சிருக்கறவர்' என்பார்கள். எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

உங்களில் இரண்டு மூன்று தம்பிகள் வந்து, "அண்ணா, எங்களையும் கூட சேத்துக்கங்க" என்று கேட்டீர்கள். பாடம் நடத்துகிற மாதிரி பேச எனக்கு வராது. செய்ததையும் கெடுத்ததையும் சொல்கிறேன். வேலை எப்போதும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள். அந்த இரண்டு மாதம் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தை பிறந்ததும் ஒரே நாளில் மூன்று வீடு வரும். மே மாதக் கடைசியில், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால், சாப்பிட நேரம் இருக்காது.

காலி வீட்டுக்குள் போனதும் என்ன செய்ய வேண்டும் என்பதை நான் கற்றது ஒரு நாற்றத்திலிருந்து. மயிலாப்பூரில் நாலு மாதம் பூட்டிக் கிடந்த வீடு. கதவைத் திறந்தால் குடலைப் பிடுங்குகிற வாடை. எலி செத்திருக்கிறது என்று முடிவு கட்டி இரண்டு நாள் தேடினேன். பரணை இறக்கினேன், சமையல் மேடைக்குக் கீழே இருந்த பலகையைப் பெயர்த்தேன். பெயர்த்ததற்கு ஓனரிடம் பாட்டு வாங்கினேன். கடைசியில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த எங்கள் வாத்தியார் வந்தார். வாசலில் நின்று ஒரு தடவை மூச்சை இழுத்தார். நேராகக் குளியலறைக்குப் போய் ஒரு மக் தண்ணீரைத் தரையில் இருந்த நஹானி டிராப்பில் ஊற்றினார். அடுத்த குளியலறையில் ஒரு மக், பின்பக்கத்தில் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் ஒரு மக். "வா, டீ குடிச்சிட்டு வரலாம்" என்றார். திரும்பி வந்தபோது வீடு வீடாக இருந்தது.

அந்த டிராப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கி நிற்கும். சாக்கடையின் காற்றை மேலே விடாமல் தடுக்கிற மூடி அந்தத் தண்ணீர்தான். ஆள் புழங்காவிட்டால் அது வற்றிவிடும். வற்றினால் வாடையும் வரும், கரப்பானும் வரும். ஒரு மக் தண்ணீர் செய்கிற வேலைக்கு நான் பலகையைப் பெயர்த்தேன். இன்று வரைக்கும் ஜன்னலைத் திறக்கும் முன்னால் மக்கைத்தான் தேடுகிறேன்.

அடுத்தது கேஸ். 1999-ல் மந்தைவெளியில் ஒரு வீடு. புது சிலிண்டர் முந்தின நாள் மத்தியானமே வந்திருந்தது. தூக்கிப் பார்த்தேன், கனமாக இருந்தது. சீல் அப்படியே இருந்தது. அது போதும் என்று விட்டுவிட்டேன். விடிகாலை நாலரைக்கு எல்லோரும் சுற்றி நிற்க, ரெகுலேட்டரை மாட்டித் திருகினதும் 'உஸ்'ஸென்று சத்தம். வால்வுக்குள்ளே இருக்க வேண்டிய கறுப்பு ரப்பர் வளையம் இல்லை. ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, ஜன்னல் கதவெல்லாம் திறந்து, அத்தனை பேரையும் மாடிப்படியில் நிறுத்தினேன். நல்ல நேரம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது கீழ்வீட்டு பம்ப் ஸ்டவ்வில், கீழ்வீட்டுப் பின்கட்டில் பால் பொங்கியது. அந்த வீட்டுப் பெரியம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் ஒரு டம்ளர் பால் கொடுத்தார். மண்ணெண்ணெய் வாடை அடித்த அந்தப் பாலை நின்றபடியே குடித்தேன்.

அதிலிருந்து சிலிண்டர் கொண்டுவருகிறவர் படியிறங்கும் முன்னாலேயே சீலை உடைக்கச் சொல்லிவிடுவேன். உள்ளே வளையம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். தராசு அவரிடமே இருக்கும். காலி சிலிண்டரின் எடை மேலேயே எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோ சேர்ந்து வர வேண்டும். கைப்பிடி வளையத்தைத் தாங்குகிற பட்டையின் உள்பக்கம் ஓர் எழுத்தும் வருஷமும் அடித்திருப்பார்கள். ஏ என்றால் ஜனவரியிலிருந்து மார்ச், பி என்றால் ஏப்ரலிலிருந்து ஜூன், அப்படியே டி வரைக்கும். சிலிண்டரைத் திரும்பச் சோதிக்க வேண்டிய கெடு அது. தாண்டியிருந்தால் வாங்காதே. ஆரஞ்சு நிற டியூபிலும் தேதி உண்டு, ஐந்து வருஷம்தான் ஆயுசு. பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன டியூபைக் காட்டி, "நல்லாத்தானே இருக்கு" என்று ஓனர் சொல்வார். சொல்லட்டும், புதுசு போடு. மாட்டினதும் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா பார். தீக்குச்சி உரசிப் பார்க்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களோடு வேலைக்குப் போகாதே. கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படுத்திருக்கும். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் கதவைத் திறந்து ஆளை வெளியே அனுப்பு. 1906-க்கு போன் பண்ணு. இந்த நம்பரைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் பென்சிலால் எழுதி வைப்பது என் பழக்கம்.

ஈ.பி. சமாசாரம் கொஞ்சம் நீளம். வீடு கைமாறுகிற அன்று மீட்டர் ரீடிங்கைப் பழையவர், புதியவர் இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். போட்டோவும் எடு, ஈ.பி. கார்டிலும் எழுது. வெறும் எண்ணை எழுதினால் போதும் என்றுதான் நானும் ரொம்ப நாள் இருந்தேன். நங்கநல்லூரில் ஒரு வீட்டில் பட்டேன். ரீடிங் எடுக்க இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார்கள். பழைய குடித்தனக்காரர் நடுவில் காலி பண்ணினார். அதுவரைக்கும் 390 யூனிட். புதுசாக வந்தவர் மிச்ச நாளில் 120. மொத்தம் 510.

2022 செப்டம்பரில் வந்த கட்டணக் கணக்குப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510-க்கு 2,030. ஐந்நூறைத் தாண்டினால் தாண்டிய பத்து யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் போய்விடும். பழையவர், "நான் 390-தான் ஓட்டினேன், என் கணக்கு 1,080" என்றார். புதியவர், "எனக்கு நூறு ஃப்ரீ, மிச்சம் இருபதுக்கு 45 ரூபாய்" என்றார். இரண்டு பேரும் போட்ட கணக்கு சரிதான். கூட்டினால் 1,125 வருகிறது. நடுவில் தொங்குகிற 905 ரூபாய் யாருடையது? இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். சாவி என்னிடம்தானே இருந்தது. அந்த 905 என் கூலியில் போயிற்று. இப்போது ரீடிங் எடுக்கும்போதே, பில் எவ்வளவு வந்தாலும் ஓட்டின யூனிட் விகிதத்தில் பிரித்துக்கொள்கிறோம் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். கட்டணம் பிறகு மாறிவிட்டது, ஐந்நூறு என்கிற அந்தப் படி மாறவில்லை.

பில் மெசேஜ் யார் போனுக்குப் போகிறது என்று கேட்டு வை. ஓனர் வெளிநாட்டில் இருப்பார், மெசேஜ் அவருக்குப் போகும், அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அளவெடுத்த நாளிலிருந்து இருபது நாளுக்குள் கட்டாவிட்டால் லைன்மேன் வந்து நிற்பார். குடியிருப்பவரின் நம்பரைச் சேர்ப்பதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது.

மீட்டரில் சின்ன சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டே இருக்கும். முகப்பில் 3200 என்று அச்சிட்டிருந்தால் 3,200 மினுக்கலுக்கு ஒரு யூனிட். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை மட்டும் போட்டு ஒரு நிமிஷம் எண்ணு. ஐம்பத்துமூன்று வாக்கில் வர வேண்டும். இரண்டு மூன்று முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு வீட்டு மெயினையே அணைத்துவிட்டுக் கீழே போய் மறுபடி பார். மினுக்கக் கூடாது. வேளச்சேரியில் ஒரு வீட்டில் மினுக்கியது. படிக்கட்டு விளக்கு, வாட்ச்மேன் அறை ஃபேன், டி.வி. எல்லாம் அந்த வீட்டு மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் தட்டி எடுத்த வயரில் ஓடிக்கொண்டிருந்தன. முன்பு இருந்த குடும்பம் மூன்று வருஷம் அந்த டி.வி.க்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டுப் போயிருக்கிறது. 'இந்த வீட்ல மட்டும் கரன்ட் பில் ஏன் இப்படி வருது' என்று அவர்களும் என்னிடம் ஒரு தடவை கேட்டிருந்தார்கள். ஃப்ரிட்ஜ் பழசு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மீட்டர் சீலில் மட்டும் கை வைக்காதே, அது ஈ.பி.காரர் வேலை. கீழே போர்டில் எஃப்-2, எஸ்-1 என்று பெயின்ட்டில் எழுதியிருப்பதையும் நம்பாதே. நம்பி ஒருநாள் ப்யூஸ் கட்டையைப் பிடுங்கினேன். இரண்டாவது மாடியில் பாதி மாவோடு கிரைண்டர் நின்றுபோய், அந்த அம்மா பால்கனியிலிருந்து என் வம்சத்தையே இழுத்தார்.

தண்ணீரைப் பற்றி ஓனரிடம் கேட்டால், "இங்க தண்ணி கஷ்டமே கிடையாது" என்பார். புரோக்கரும் அதையே சொல்வார். தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவரைக் கேள். எந்த வீட்டு வாசலில் எத்தனை நாளுக்கு ஒரு தடவை லாரி நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். பிறகு சம்ப் மூடியைத் தூக்கி உள்சுவரைப் பார். தண்ணீர் வழக்கமாக எந்த உயரத்தில் நிற்கிறதோ அங்கே ஒரு கறைக்கோடு இருக்கும். அடியிலிருந்து ஒன்றரை அடியில் கோடு இருந்தால் அந்த வீட்டில் தண்ணீர் கஷ்டம் உண்டு. 2019 ஜூனில் செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் நாலு ஏரியும் வறண்டபோதுதான் இந்தக் கோட்டைப் பார்க்கக் கற்றேன். பிப்ரவரியில் குழாய் கொட்டுவதைப் பார்த்துவிட்டு நல்ல வீடு என்று மடிப்பாக்கத்தில் ஒரு குடும்பத்தைக் குடிவைத்தேன். ஜூனில் போர் காற்றை இறைத்தது. 12,000 லிட்டர் லாரிக்குப் பணம் கொடுத்தாலும் பத்துப் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. குடத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்னிடம் போனில் பேசியதை இங்கே எழுத வேண்டாம்.

போர்த் தண்ணீரின் உப்பை அளக்க இப்போது பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டர் வந்துவிட்டது. 500-க்குக் கீழே இருந்தால் நல்லது, இரண்டாயிரத்தைத் தாண்டினால் குடிக்கிற பேச்சே வேண்டாம். வாத்தியார் காலத்தில் பேனா கிடையாது. அவர் ஒரு டம்ளர் தண்ணீரைச் சின்னப் பாத்திரத்தில் வற்றக் காய்ச்சி, அடியில் ஒட்டுகிற வெள்ளையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். "இதுல பருப்பு வேகாது, மெட்ரோ தண்ணிக்குத் தனியா ஒரு குழாய் சமையல்கட்டுக்கு இழு" என்பார். சொன்ன வீடுகளில் பருப்பு வேகவும் இல்லை. ஃபிளஷ் டேங்க் கசிகிறதா என்று பார்க்க அவர் மஞ்சள்பொடி போடுவார். டேங்கில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், கோப்பைக்குள் மஞ்சள் இறங்கியிருந்தால் வாஷர் போய்விட்டது. சத்தமே இல்லாமல் ராத்திரி முழுக்க ஒழுகுகிற டேங்கைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான வழி இல்லை.

இன்டர்நெட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஃபைபர் வயரைக் கதவு மூலையில் முழங்கை மாதிரி மடிக்க விடாதே, கை அகலத்துக்கு வளைத்து விடு. மடித்த இடத்தில் ஒளி வெளியே போய்விடும். டெஸ்ட் பண்ண வருகிறவர் சிவப்பு லைட் அடித்தால் மடிப்பில் அது கசிவதை நீயே பார்க்கலாம். பாக்ஸ் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று அவர் வருவதற்கு முன்னால் பார்த்து வை. அவ்வளவுதான்.

இப்போது என் பெரிய தப்புக்கு வருகிறேன். 2004, வேளச்சேரியிலேயே இன்னொரு வீடு, மூன்று ஃபேஸ் லைன். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்தேன். கீசர் ஓடியது, அணைத்தேன். ஏ.சி. ஓடியது, அணைத்தேன். மோட்டார், மிக்ஸி பாயின்ட், ஃபேன், எல்லாம் சரி. சாவியைக் கொடுத்தேன். குடிவந்த மூன்றாவது நாள் காலை ஏழு மணிக்கு அந்த வீட்டில் கீசர், மோட்டார், கிரைண்டர் எல்லாம் ஒன்றாக ஓடியிருக்கின்றன. கூடத்தில் விளக்கு திடீரென்று பளீரென்று எரிந்து வெடித்தது. டி.வி. புகைந்தது. ஃப்ரிட்ஜ் முனகி நின்றது.

மெயின் போர்டைக் கழற்றினால் நியூட்ரல் லிங்க்கில் ஒரு ஸ்க்ரூ கறுத்துப்போய் இருந்தது. லூஸ். கொஞ்சமாக லோடு இருந்தபோது அந்த லூஸ் தாங்கியது. பாரம் ஏறினதும் நியூட்ரல் விட்டுக்கொடுத்து, கனமான லோடு இருந்த ஃபேஸில் வோல்டேஜ் விழுந்து, லேசான லோடு இருந்த ஃபேஸில் ஏறிவிட்டது. டி.வி. அந்த ஃபேஸில் இருந்தது. பதினொரு மாதத் தவணையில் அந்த டி.வி.க்குப் பணம் கட்டினேன்.

வாத்தியார் வந்து பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். மெயினை அணைக்கச் சொன்னார். ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்து இறுக்கச் சொன்னார். இறுக்கினேன். "போதுமா?" என்றார். "போதும் வாத்யாரே." என் கை மேல் அவர் கையை வைத்துச் சுற்றினார். இன்னும் கால் சுற்றுப் போயிற்று. அவர் உள்ளங்கை மரப்பட்டை மாதிரி இருக்கும். கொஞ்சம்கூட வேகம் காட்டாமல், மரை கெட்டுவிடாமல், செம்பு இழைகள் உள்ளே நெருங்கி உட்காருகிற அந்த அழுத்தம் என் மணிக்கட்டுக்கு வந்தது. "உனக்குப் போதும்னு தோணுதில்ல, அதுக்கப்புறம் இவ்வளவு. ஒரு மாசம் கழிச்சு வந்து மறுபடியும் பாரு, செம்பு தழைஞ்சிருக்கும்." அந்தக் கால் சுற்று எவ்வளவு என்று நான் உங்களுக்கு வாயால் சொல்ல முடியாது. கையைக் கொடுத்தால் காட்டுகிறேன்.

அப்போதிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் நானே ஒரு காலை ஏழு மணியை உண்டாக்குகிறேன். ஜன்னலைச் சாத்தி ஏ.சி.யைப் போடுவேன். இரண்டு கீசர், மோட்டார், இஸ்திரிப் பெட்டி, என் பையில் கொண்டுவருகிற பழைய ஹீட்டர் கம்பி, எல்லா ஃபேன், எல்லா விளக்கு. இரண்டு குளியலறையிலும் குழாயைத் திறந்து, சமையலறைத் தொட்டியையும் நிரப்பி ஒரே நேரத்தில் விடுவேன். தனித்தனியாக இறங்குகிற தண்ணீர் சேர்ந்து வந்தால் சில வீடுகளில் பின்பக்க டிராப்பில் மேலே ஏறும். சேம்பர் அடைத்திருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். இப்படி ஒரு மணி நேரம். கரன்ட் காசு என்னுடையது, ஓனரிடம் கேட்பதில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் வேறெதுவும் செய்ய மாட்டேன். அறை அறையாகப் போய் சுவிட்ச் போர்டுகளைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். உள்ளங்கையால் தொடக் கூடாது. ஷாக் இருந்தால் விரல்கள் தானாக மூடிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறிவிடும். இளஞ்சூடு இருக்கலாம், கையை எடுக்கத் தோன்றினால் உள்ளே ஏதோ லூஸ். மூக்கையும் திறந்து வை. பேக்லைட் காய்கிற வாடை, மீன் வாடை மாதிரி ஒன்று, புகை வருவதற்கு வெகு முன்னாலேயே வரும். கடைசியில் எர்த். டெஸ்டரை நம்பாமல் வாத்தியாரின் டெஸ்ட் லாம்ப்பை எடுப்பேன். ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்பு, இரண்டு வயர், அவ்வளவுதான். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தால் நியூட்ரலில் எரிகிற அதே வெளிச்சம் வர வேண்டும். மங்கினால் எர்த் சரியில்லை. ஆர்.சி.சி.பி. போட்ட வீட்டில் பல்பு எரிவதற்குள் சுவிட்ச் விழுந்துவிடும், விழுந்தால்தான் நல்லது. குண்டு பல்பு இப்போது கடையில் சுலபமாகக் கிடைப்பதில்லை. நாலு வாங்கிப் பழைய துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

வாத்தியார் போய் ஒன்பது வருஷமாகிறது. ஸ்க்ரூ டிரைவரை அவர் பையன் கேட்டபோது கொடுத்துவிட்டேன், டெஸ்ட் லாம்ப்பைக் கொடுக்கவில்லை. பையனும் கேட்கவில்லை, அவருக்கு பேங்க்கில் வேலை.

பால் காய்ச்சுகிற அன்று நான் போவதில்லை. 1999-க்குப் பிறகு போகப் பிடிக்கவில்லை. காலையில் ஆறரை, ஏழு வரைக்கும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அடிக்காவிட்டால் எழுந்து குளிப்பேன்.

வெள்ளிக்கிழமை நங்கநல்லூரில் ஒரு வீடு குடிபோகிறது. இரண்டாவது மாடி, ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குச் சாவியோடு வாசலில் இருப்பேன். வருகிறவர்கள் வரலாம். டூல்ஸ் என்னிடம் இருக்கிறது. ஒரு மக் மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள், அங்கே இருக்காது.